மூன்று குரலும் ஒற்றை பிட்டும்

கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இரண்டும் 1982-இல் வந்த வீட்டுக் கணினிகள். இரண்டின் இசையையும் இன்று சிப்டியூன், அதாவது சில்லு இசை, என்றே சொல்கிறோம். உண்மையில் ஸ்பெக்ட்ரத்தில் இசைக்கென்று சில்லு எதுவும் கிடையாது.

கமடோரில் இருந்தது, பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் 6581 என்ற ஒலிச் சில்லு. மூன்று குரல்கள்; முக்கோணம், ரம்பப்பல், துடிப்பு, இரைச்சல் என நான்கு அலைவடிவங்கள்; ஒரு வடிகட்டி. சுரத்தைச் சொல்லிவிட்டால் சில்லு பாடிக்கொண்டிருக்கும், செயலி விளையாட்டைக் கவனிக்கும். ஆனால் மெட்டு, பேஸ், தாளம் என்று பிரித்ததுமே மூன்று குரலும் தீர்ந்துவிடும். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு வாசிக்க வழி? ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே போன்ற இசையமைப்பாளர்கள் ஒரே குரலில் கார்டின் சுரங்களை வினாடிக்கு 50 முறை மாற்றி ஒலிக்கவிட்டார்கள். அந்த மினுமினுப்பு நான்காவது குரல் இல்லாததால் பிறந்தது.

ஸ்பெக்ட்ரத்தின் நிலை இன்னும் கடுமை. ஒரு சின்ன ஸ்பீக்கர், அதை இயக்க ஒரே ஒரு பிட். 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமென்றால் வினாடிக்கு 880 முறை அந்த பிட்டை மாற்ற வேண்டும். 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலிக்கு இரு மாற்றங்களுக்கு நடுவே கிடைப்பது ஏறத்தாழ 4,000 கடிகாரத் துடிப்புகள். சுற்றுக்குள் ஒரு கட்டளை கூடினாலும் சுருதி இறங்கும். இதிலும் பல குரல்களைக் கேட்க வைத்தார் இசையமைப்பாளர் டிம் ஃபாலின். 1987-இல் வந்த க்ரோனோஸ் விளையாட்டின் இசையைக் கேட்டால் ஒற்றை பிட் என்று நம்பவே முடியாது. வழி இதுதான்: ஸ்பீக்கருக்கு அனுப்பும் துடிப்புகளை மிகக் குறுகலாக்கினால் குரல்கள் ஒன்றோடொன்று மோதாது. கொஞ்சம் அகலமாக்கினால் ஒலி கூடும். விலை என்னவென்றால், செயலிக்கு வேறு வேலை பார்க்க நேரமே இருக்காது. அதனால்தான் இப்படிப்பட்ட இசை பெரும்பாலும் தலைப்புத் திரையோடு நின்றுவிட்டது.

கேட்க இனிமை சிட்தான், சந்தேகமில்லை. ஆனால் என் வியப்பு முழுக்க ஸ்பெக்ட்ரத்தின் பக்கமே. புதிதாகச் சிப்டியூன் செய்ய வருகிறவர்கள் இன்றைய மென்பொருளில் சதுர அலையை எடுத்து, பன்னிரண்டு தடங்களை அடுக்கி, எதிரொலியும் சேர்க்கிறார்கள். ஒலி பழையதுபோல இருக்கும். இசையமைப்பில் அந்த நெருக்கடி இருக்காது. சிட்டுக்குக் கோட்டிராக்கர், ஒற்றை பிட்டுக்கு பீப்போலா என்று அந்தந்தக் கட்டுப்பாட்டுடனேயே எழுத மென்பொருள்கள் இருக்கின்றன. பீப்போலாவில் முதலில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். பின்னால் வந்த ஸ்பெக்ட்ரம் 128-இல் மூன்று குரல் சில்லு சேர்ந்தது. இருந்தும் அந்த ஒரு பிட்டுக்காக இன்றும் புதுப் பாடல்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.