ஆடாத பல்லின் வரலாறு

பல் போனால் சொல் போகும் என்பர் நம் பெரியோர். சொல் மட்டுமா போகிறது? வேரை இழந்த தாடை எலும்பும் ஆண்டுதோறும் தேய்ந்து தாழ்கிறது. இன்று பொருந்தும் பல்செட் சில ஆண்டுகளில் ஆடத் தொடங்குவது அதனால்தான். ஆடாத பல் வேண்டும் என்ற ஏக்கமோ மிகப் பழையது.

இவ்வரலாற்றில் நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கவர் குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த இம்மேதை, முப்பது பகுதிகள் கொண்ட தம் 'கிதாபுத் தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கினார். ஆடும் பற்களை உறுதியான பற்களோடு தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையை அதில் விளக்குகிறார். வெள்ளி சில நாட்களில் பச்சை பூத்துவிடும், தங்கம் மாறாது என்று காரணமும் கூறுகிறார். விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பைப் பல்லாகச் செதுக்கி வைக்கலாம் என்றும் எழுதினார். ஆயினும் அவர் கட்டியது பல்லோடு பல்லைத்தான், எலும்பினுள் நடவில்லை. இன்றைய சிகிச்சையை அவரே கண்டுபிடித்தார் எனச் சொல்வது அப்பெரியாருக்குத் தேவையற்ற புகழாரம்.

எலும்பினுள் நடும் வழி 1952இல் ஸ்வீடனில், தேடாமலே கிடைத்தது. பிரேனேமார்க் என்னும் ஆய்வாளர் இரத்த ஓட்டத்தை ஆராய, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அவ்வுலோகத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது! 1965இல் பல்லற்ற ஒருவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளை நட்டார். அவை நாற்பதாண்டுகள் கடந்தும் நிலைத்தன. மருத்துவ உலகமோ எளிதில் நம்பவில்லை. 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டிற்குப் பிறகே வட அமெரிக்கா இதனைப் பரவலாக ஏற்றது.

பிரேனேமார்க்கின் முறையில் திருகுகளை ஈறுக்குள் மூடிவைத்து, கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்த பின்னரே பல் பொருத்துவர். 1990களில் லிஸ்பன் நகரின் பாவ்லோ மாலோ, நான்கே திருகுகளில், பின்னிரண்டைச் சாய்த்து நட்டு, ஒரு தாடையின் முழு வரிசையையும் தாங்கச் செய்தார். அன்றே பல்லும் கிடைத்தது. 'ஒரே நாளில் பல்' என்று விளம்பரப்படுத்துவது இத்தகைய சிகிச்சையைத்தான்.

நம் முதியவர்களை அழைத்துச் செல்லுமுன் இதை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். அன்று பொருத்துவது பெரும்பாலும் தற்காலிக வரிசையே. எலும்பு தன் தவணையைக் குறைத்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் முகம் வீங்கும். பின்னரும் சில மாதங்கள் கஞ்சி, இடியாப்பம், குழைந்த சோறு என்றே உண்ண வேண்டும்; பிரியாணிக் கறியை அவசரப்பட்டுக் கடித்தால் திருகு பிடிப்பிழக்கலாம். கட்டுப்படாத நீரிழிவும் புகைப்பழக்கமும் இச்சிகிச்சையின் பகைவர்கள். எலும்புத் தேய்வுக்கும் இரத்தம் உறையாமைக்கும் உண்ணும் மருந்துகளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று உண்டு. அத்தாடையில் எஞ்சிய பற்களையும் பிடுங்கிய பிறகே முழு வரிசையை வைப்பர். பிடுங்கிய பல் திரும்பி வாராது. காப்பாற்றத்தக்க பல் அவற்றில் உண்டா என இன்னொரு மருத்துவரையும் கேட்பது நன்று. நிலையான வரிசைக்கான செலவு கூறப்பட்ட தொகையில் அடங்குமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.

திருகுப் பல்லுக்குச் சொத்தை வாராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு புண்பட்டால் எலும்பு கரையும். ஆகவே வரிசையின் அடிப்புறத்தை நாள்தோறும் துப்புரவாக்க வேண்டும். பல்லில் படியும் காரையைச் சுரண்ட ஸஹ்ராவி பதினான்கு கருவிகளைத் தம் நூலில் வரைந்து காட்டினார்; ஒரு நாளில் போகாவிடில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுரண்டுக என்றும் எழுதிவைத்தார்.