முன்ஷியும் இணைய ஆசானும்

மலாக்காவில் 1796ஆம் ஆண்டு பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர் என்பாருக்கு ‘முன்ஷி’ என்னும் பட்டத்தை எந்த அரசும் வழங்கவில்லை. எந்தக் கல்லூரியும் வழங்கவில்லை. மலாக்காக் கோட்டையில் பணிபுரிந்த இந்தியச் சிப்பாய்களே வழங்கினர். திருக்குர்ஆன் ஏடுகளைப் படியெடுத்துப் பொருளீட்டத் தொடங்கியிருந்த சிறுவன், அச்சிப்பாய்களுக்குச் சமய பாடம் சொல்லிக் கொடுத்தான். அவர்களிடமிருந்து தான் இந்துஸ்தானி மொழியைக் கற்றுக்கொண்டான். எழுத்தர் என்றும் மொழியாசிரியர் என்றும் பொருள்படும் அச்சொல்லால் அவர்கள் அவனை அழைத்தனர். சிப்பாய்கள் போயினர், பட்டம் நின்றது. இன்று மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சாலைகள் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று அப்துல்லாவைப் போற்றுவது மரபு. அது தக்கதே. ஆயினும் அவர் வயிறு வளர்த்தது இலக்கியத்தால் அன்று. தனிப்பட்டவர்களுக்கு மொழி கற்பித்தும், கடிதமும் ஆவணமும் எழுதிக் கொடுத்தும், மொழிபெயர்த்தும் அவர் வாழ்ந்தார். பள்ளியின் பாதுகாப்போ ஓய்வூதியமோ இன்றித் தன் மொழியறிவு ஒன்றையே முதலாகக் கொண்டு, வந்தவர்க்கு மொழி சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் வகை ஒன்று உண்டு. அவ்வகையின் வரலாற்றை இந்நாட்டில் எழுதப் புகுவோர் அப்துல்லாவிடமிருந்தே தொடங்கல் வேண்டும்.

அக்குடும்பத்துக்கு அது வழிவழித் தொழிலாகவே இருந்தது. அப்துல்லாவின் கொள்ளுப்பாட்டனார் யேமன் நாட்டு அரபியர். சமயமும் மொழியும் கற்பித்தவர். அவர் நாகூரில் தங்கி அங்கேயே மணம் புரிந்துகொண்டார். அவருடைய மகன்களுள் ஒருவர் மலாக்காவுக்கு வந்து குடியேறினார். அப்துல்லாவின் தந்தையார், மலாய் அகராதியும் இலக்கணமும் இயற்றிய வில்லியம் மார்ஸ்டனுக்கு மலாய் மொழி கற்பித்து, அவரிடமிருந்து நற்சான்றுக் கடிதம் ஒன்றைப் பெற்றிருந்தார் என்று மகன் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அக்கடிதம் குடும்பத்தில் காக்கப்பட்டது. இக்கடிதத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

தமிழ் மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. அப்துல்லா இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றவர். அக்காலத்து மலாக்காவில் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம். வணிகக் கணக்கிற்கும், நகரில் நிறைந்திருந்த இந்திய வணிகரோடு உரையாடுவதற்கும் அது தேவையாக இருந்தது. தமிழ் கற்பிக்க ஆசிரியர் இருந்தனர்; ஆனால் மலாய் மொழியைக் கற்பிக்கப் பள்ளி இல்லை. தாய்மொழியை எதற்குக் கற்க வேண்டும், அதுதான் வாயில் இருக்கிறதே என்று மக்கள் எண்ணியதை அப்துல்லா பெரிதும் நொந்து எழுதுகிறார். அவரோ தந்தையாரிடமும் மொழி வல்ல முதியோரிடமும் சென்று சென்று கேட்டு மலாய் கற்றார். பள்ளிவாசலில் தாளும் மையும் வைத்துக்கொண்டு அமர்ந்து, கப்பலில் வந்தவர்களுக்குக் கடன் பத்திரமும் உயிலும் எழுதிக் கொடுத்துப் பழகினார்.

1815ஆம் ஆண்டில் வில்லியம் மில்னும் தாம்சனும் மலாக்காவுக்கு வந்தனர். இலண்டன் சமயப் பரப்புநர் சங்கத்தைச் சார்ந்த அவ்விருவரும் அப்துல்லாவிடம் மலாய் பயின்றனர். கிறிஸ்தவப் பாதிரியார்களுக்குப் பாடம் சொன்னமையால் ஊரார் அவரை ‘அப்துல்லா பாதிரி’ என்று எள்ளினர். அந்த ஏளனத்தைக் காட்டிலும் அவரை வாட்டியது வேறொன்று. தாம்சன் விவிலியப் பகுதிகளை மலாயில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டபோது, ஆங்கில வாக்கியத்தின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு மலாய்ச் சொற்களை அதில் பொருத்தினார். இது மலாய் நடையன்று என்று ஆசிரியர் எடுத்துரைத்தார். மாணவர் ஏற்கவில்லை. கூலி கொடுப்பவர் மாணவர், பெறுபவர் ஆசிரியர். எனவே மாணவரின் சொல்லே அச்சேறியது. அம்மொழிபெயர்ப்பின் குறைகளைத் தம்மேல் ஏற்றலாகாது என்று அப்துல்லா பின்னர் தம் நூலில் முறையிட வேண்டியதாயிற்று.

தனித்து நின்று மொழி கற்பிப்போரின் இடர்ப்பாடு முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. மொழியை அறியாதவரே அம்மொழியாசிரியரின் தகுதியை மதிப்பிடுகிறார். தையற்காரன் தைத்த சட்டை பொருந்தவில்லை என்றால் அணிபவனுக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர் கற்பித்த சொல் பொருந்துமா என்பது, கற்பவன் அம்மொழியில் ஓரளவேனும் தேறிய பின்னரே அவனுக்குத் தெரியவரும். அதற்கு முன்பே அவன் கூலியும் கொடுத்துவிடுகிறான், தீர்ப்பும் வழங்கிவிடுகிறான்.

இந்த இடர்ப்பாடு எல்லா மொழியாசிரியர்க்கும் ஒரே அளவில் இருந்ததில்லை. சென்னையில் 1812ஆம் ஆண்டு எல்லிஸ் முதலியோரின் முயற்சியால் நிறுவப்பெற்ற கோட்டைக் கல்லூரியில், ஆங்கில அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர்கள் நிறுவனத்தின் ஊதியத்தில் இருந்தனர். மாணவர் தேர்வில் தேற வேண்டும். தேர்வை வைப்பது கல்லூரி. அங்கே பண்டிதருக்குப் பின்னால் ஒரு கட்டடம் நின்றது எனலாம். அப்துல்லாவுக்குப் பின்னால் நின்றது கடல் மட்டுமே.

மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது முன்ஷியின் தொழில் புதியதொரு வடிவம் கொண்டது. தமிழ்த் தொழிலாளரை வேலை வாங்க வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைகள் தமிழ் கற்க வேண்டியிருந்தது. 1919இல் அமைந்த தோட்ட நிர்வாகிகளின் சங்கம் தமிழ்த் தேர்வுகளும் நடத்தியது. அவர்களுக்கு வேண்டியிருந்தது எந்தத் தமிழ்? இலங்கையில் ‘கூலித் தமிழ்’ என்னும் பெயரிலேயே ஒரு பாடநூல் வெளிவந்தது என்றால், விடையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் ஆள் கணக்கெடுப்பதற்கும் உதவும் தமிழே துரைமார் கேட்ட தமிழ். ‘நீங்கள்’ என்னும் சொல்லுக்கு அதில் அதிகம் வேலையில்லை. விலை கொடுப்பவன் மொழியின் எந்தத் துண்டை விரும்புகிறானோ, அத்துண்டையே ஆசிரியன் அறுத்துக் கொடுக்க நேர்ந்தது.

ஆசிரியரை நேரில் காணாமலே மொழி கற்கும் முயற்சிகளும் பழையவையே. பெர்லினில் 1856இல் லாங்கன்ஷைட் என்பார் அஞ்சல்வழிப் பிரெஞ்சுப் பாடங்களைத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிங்குவாஃபோன் நிறுவனம் பாடங்களை இசைத்தட்டில் ஏற்றி விற்றது. இவற்றில் ஆசிரியர் அச்சாகவும் ஒலியாகவும் மாறிச் சரக்கானாரே தவிர, மாணவனின் பிழையைக் கேட்டுத் திருத்தும் உயிருள்ள ஆசிரியர் அங்கே இல்லை.

அவரைத் திரும்பக் கொண்டுவந்தது இணையம். 2003ஆம் ஆண்டு ஸ்கைப் வெளிவந்தது. கடல் கடந்த இருவர் செலவின்றிப் பேசிக்கொள்ளலாம் என்றானதும், முன்ஷியின் தொழில் மீண்டும் உயிர்த்தது. 2007இல் ஐடாக்கி என்னும் தளம் ஷாங்காயில் தொடங்கப்பெற்றது. 2012இல் உக்ரேனிய இளைஞர் சிலர் பிரெப்ளி என்னும் தளத்தை நிறுவினர். ஆசிரியர்களும் மாணவர்களும் கூடும் சந்தைகள் இவை. ஆசிரியர் தம் கட்டணத்தைத் தாமே குறிக்கலாம். நேரத்தைத் தாமே வகுக்கலாம். சந்தைக்கு உடையவர் தம் தரகை எடுத்துக்கொள்வார். பிரெப்ளியோ, புதிய மாணவர் ஒவ்வொருவரின் முதற்பாடக் கட்டணம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும் முறையை வைத்தது. பாடம் முடிந்ததும் மாணவர் ஆசிரியருக்கு விண்மீன்கள் இடுகிறார். ஐந்து விண்மீன் பெற்றவர் முன்வரிசையில் தோன்றுவார். குறைந்தவர் பின்னே தள்ளப்படுவார். தாம்சன் மலாக்காவில் ஓர் அறையில் வழங்கிய தீர்ப்பை, இன்றைய மாணவர் உலகம் காண வழங்குகிறார்.

பிழையைக் கண்டிப்புடன் திருத்தும் ஆசிரியர், மாணவர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்ச வேண்டிய நிலை இது. எல்லாரும் அஞ்சுகின்றனர் என்பதன்று. பல்லாண்டு பயிற்சியுடைய ஆசிரியர்கள், பள்ளியின் மணியோசைக்குக் கட்டுப்படாமல் தம் முறையில் கற்பிக்கும் உரிமையை இவ்வழியிற் பெற்றுள்ளனர். சிற்றூரில் வாழ்பவர் பெருநகரத்து மாணவரைப் பெறுகிறார். பள்ளிப் பாடத்திட்டத்தில் இடமே இல்லாத சிறுமொழிகள் கூட இங்கே ஆசிரியரையும் மாணவரையும் தேடிக்கொள்கின்றன. அவ்வுரிமை மெய்யானதே. ஆனால் அது எவ்வளவு மெல்லிய கிளையில் கட்டிய கூடு என்பதை 2021 காட்டிற்று. பெய்ஜிங்கில் 2013இல் தோன்றிய விஐபிகிட் என்னும் நிறுவனத்தின் வழியே, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த ஆசிரியர்கள் பல்லாயிரவர் சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தனர். அவ்வாண்டு ஜூலையில் சீன அரசு பிரத்தியேக வகுப்புகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. வெளிநாட்டில் இருப்போரைக் கொண்டு பாடம் நடத்துதல் தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் அவ்வாசிரியர்களின் வருவாய் வறண்டது. அவர்கள் பிழை ஏதும் செய்யவில்லை. மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை.

மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கணினியைத் தொடத் தயங்கிய தமிழாசிரியர்களும் ஒரே கிழமையில் திரைக்கு முன் அமர நேர்ந்தது. பள்ளிகள் திறந்தபின் பலர் கரும்பலகைக்குத் திரும்பினர். சிலர் மாலை வேளைகளில் திரையிலேயே தொடர்ந்தனர். அவர்களை நாடி வருவோருள் அயல்நாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. தமிழ்ப்பள்ளி இல்லாத ஊரில் வளரும் குழந்தைக்கு, வாரம் ஒரு மணி நேரம் திரையில் தோன்றும் ஆசிரியரே தமிழ்ப்பள்ளி.

இவ்விடத்தில் துரைமார் காலத்துக் கேள்வி வேறு உருவில் எழுகிறது. எந்தத் தமிழ்? எழுத்து வேண்டாம், பாட்டியுடன் பேசுமளவுக்குப் போதும் என்று கேட்கும் பெற்றோர் உளர். அக்கேட்பை இகழ்தல் கூடாது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆனால் அங்கே ஒரு குழு கூடி ஆராய்ந்து, எழுத்தையும் விடாமல், பேச்சுக்கு எவ்வளவு இடம் என்று வகுத்தது. தனித்து நிற்கும் ஆசிரியருக்குக் குழு இல்லை. எழுத்தையும் சேர்த்துக் கற்பித்தால்தான் பிள்ளை பின்னாளில் ஒரு நூலையேனும் தானே திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை எடுத்துரைத்தால் அடுத்த கிழமை மாணவர் வராமற் போகலாம். சொல்லாவிடில் மொழியின் பாதியை மறைத்த பழி வரும். இந்த முடிவை அவர் தனியே, மாதக் கட்டணத்தைக் கணக்கிட்டுக்கொண்டே எடுக்க வேண்டியிருக்கிறது.

அப்துல்லா தம் தொழிலில் ஒரு நல்ல மாணவரையும் கண்டார். சிங்கப்பூரில் அவரிடம் மலாய் பயின்ற கீஸ்பெர்ரி ஆசிரியரின் நடையை மதித்தவர். அப்துல்லா 1840களின் தொடக்கத்தில் எழுதி முடித்த வாழ்க்கை வரலாறு, 1849இல் அவருடைய கல்லச்சுக் கூடத்திலேயே நூலாயிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின் அப்துல்லா ஹஜ் பயணத்தில் இறந்தார்.

மார்ஸ்டன் எழுதிய நற்சான்றுக் கடிதத்தை அப்துல் காதிர் தம் உடைமையாக வைத்திருந்தார். எந்த ஊருக்குச் சென்றாலும் அதை எடுத்துச் செல்லலாம், எவரிடமும் காட்டலாம், மகனுக்கு விட்டுச் செல்லலாம். இன்றைய இணைய ஆசான் பத்தாண்டு உழைத்துப் பெற்ற விண்மீன்களும் பாராட்டுரைகளும் தளத்துக்கு உடையவரின் ஏட்டில் இருக்கின்றன. அவர் அத்தளத்தை விட்டு வேறிடம் செல்லும் நாளில், முதல் மாணவருக்காகக் காத்திருக்கும் புதியவராகவே அங்கே பெயரைப் பதிந்துகொள்கிறார்.