துளை எங்கே இருக்க வேண்டும்? ஜியோமெட்ரிக் டாலரன்சிங் பிறந்த கதை

காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள ஊர் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த தலம் என்று இவ்வூர் விஜயராகவப் பெருமாள் கோயிலைப் பற்றிச் சொல்வார்கள். இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற தொழில் பட்டு நெசவு. தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு எந்திரவியலின் ஒரு கடினமான பாடம் சுலபமாகப் புரியும்.

1804-இல் பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி அது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாவிட்டால் இழை எழாது. ஊசிக்கு நேராகத் துளை வராவிட்டால் டிசைன் கெட்டுவிடும். இதற்காக அட்டையின் ஓரங்களில் பெரிய துளைகள் உண்டு. அவை சிலிண்டரின் முளைகளில் போய் உட்காரும். மற்றத் துளைகளுக்கெல்லாம் அவைதான் ஆதாரம். எந்திர வரைபடத்தில் இந்த ஆதாரத்துக்குப் பெயர் டேட்டம்.

இரும்புப் பாகங்களிலும் இதே பிரச்சினைதான். துளையின் இடத்தை மிகத் துல்லியமாக அமைக்க யாராலும் முடியாது. அதனால் இரண்டு திசைகளிலும் 0.1 மி.மீ. வரை கூடலாம், குறையலாம் என்று வரைபடத்தில் எழுதுவார்கள். அப்படி எழுதினால் துளையின் மையம் 0.2 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பொருள்.

இந்தச் சதுரத்தைத்தான் ஸ்டான்லி பார்க்கர் கேள்வி கேட்டார். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்ட்ரியா நகரில் இருந்த ராயல் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். சதுரத்தின் மூலையில் உள்ள மையம், சரியான இடத்திலிருந்து 0.14 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாகம் தேறிவிடும். நேர் வலப்பக்கம் 0.12 மி.மீ. மட்டுமே தள்ளியிருக்கும் பாகமோ கழிக்கப்படும்! போல்ட் உருண்டையானது. எந்தப் பக்கம் விலகினாலும் அதற்கு ஒன்றுதான். மூலையில் இருப்பது பொருந்தும் என்றால், அதே தூரத்தில் வேறு எந்தத் திசையில் இருந்தாலும் பொருந்தத்தானே வேண்டும்?

எனவே சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொடும் வட்டத்தை எல்லையாகக் கொள்ளலாம். அந்த வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். தரம் குறையாமலே நல்ல பாகங்கள் பழைய இரும்புக்குப் போவது நிற்கும். போர்க்காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. பெருமளவு உற்பத்தியில் வடிவமைப்பும் சோதனையும் எப்படி இருக்க வேண்டும் என்று 1940-இல் பார்க்கர் ஒரு நூல் வெளியிட்டார். இத்துறையின் முதல் நூலாக அதையே சொல்கிறார்கள்.

பிறகு அமெரிக்காவில் ஒய் 14.5, உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 1101, இந்தியாவில் ஐ.எஸ். 8000 என்று தரநிலைகள் வந்தன. துளையின் இடம், தளத்தின் சமநிலை, செங்குத்து, ஒரே மையம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு ஏற்பட்டது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் இந்தக் குறியீடுகள் தேவைப்பட்டன. ஒருவரை ஒருவர் பார்த்திராத பட்டறைக்காரர்கள் செய்யும் பாகங்கள் ஒரே காரில் வந்து பொருந்த வேண்டுமே! எங்கிருந்து அளப்பது, எவ்வளவு விலகலாம் என்ற இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் அது நடக்கும். ஜக்கார்டு அட்டையில் ஓரத் துளைகள் செய்யும் வேலையும் அதுதான்.