பல ஊர் கூடும் ஓர் அவை

சத்தியமங்கலத்திலிருந்து வடக்கே செல்லும் மலைப்பாதை, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஆசனூர்க் காட்டினூடே சென்று மைசூர்ப் பீடபூமியை அடைகின்றது. அப்பாதையில் நம்மை எதிர்கொள்ளும் முதற் பெரிய ஊர் சாமராஜநகர். முன்னாளில் அரிகுடாரம் என்று வழங்கிய அவ்வூருக்கு, தம் தந்தையார் பிறந்த இடம் என்னும் பெருமை கருதி, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1818-இல் இப்பெயரைச் சூட்டினார். 1997-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அம்மாவட்டத்தைச் சார்ந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் வரை சென்னை இராச்சியத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை மூத்த அன்பர்கள் நினைவு கூர்வர்.

காடும் மலையும் மிகுந்த இவ்வெல்லைப்புறத்தில்தான், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், பல ஊர்களில் உள்ளோரை ஒரே வேளையில் ஓரவையில் கூட்டும் முயற்சிகள் இரண்டு நடைபெற்றன. தொலைவில் இருந்துகொண்டே முன்னிலையில் இருப்பது என்பது இவ்வகைத் தொடர்புக்கு ஆங்கிலத்தார் ஆக்கிக்கொண்ட சொல்லின் பொருள். தொலைமுன்னிலை என்று அதனைத் தமிழாக்கலாம். செவிக்குச் சற்றுக் கரடுமுரடாக ஒலிப்பினும், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதனினும் பொருத்தமான சொல் அகப்படவில்லை.

மைசூர் நாட்டுக்கு இத்துறை புதிதன்று. மகாராஜா கல்லூரியின் உளநூற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் மைசூரில் தம் இல்லத்திலேயே சிறியதோர் ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு வழங்கிய ஆகாசவாணி என்னும் பெயரே பின்னர் நாடு முழுமைக்குமான வானொலியின் பெயராயிற்று. வானொலி ஒரு வாயிலிருந்து பல செவிகளுக்குச் செல்வது. கேட்போர் திரும்பப் பேச வழியில்லை. படத்தையும் அவ்வாறே பல்லாயிரம் கிராமத்தாருக்கு அனுப்பிப் பார்த்த பெருஞ்சோதனை 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடைபெற்றது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக் கோளின் துணையால், 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் இயங்கின. கன்னட நாட்டில் பீஜப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்கள் அதில் இடம் பெற்றன. தென்கோடியிலுள்ள சாமராஜநகர்ப் பகுதிக்கு அப்பேறு கிட்டவில்லை, தமிழ்நாட்டுக்கும் கிட்டவில்லை.

நிற்க. திரும்பப் பேசும் வாய்ப்பு 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையையும், ஹெக்கடதேவனகோட்டை வட்டத்துச் சரகூரிலுள்ள விவேகானந்த நினைவு மருத்துவமனையையும், பெங்களூரில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹ்ருதயாலயத்தோடு செயற்கைக் கோள் வழியாக இணைத்தது. சாமராஜநகரிலிருந்து பெங்களூர் சாலைவழியே ஏறத்தாழ 175 கிலோமீட்டர். மார்வலியால் துடிக்கும் ஒருவரை அத்துணைத் தொலைவு கொண்டு செல்வதென்றால், மைசூரைக் கடப்பதற்குள்ளேயே காலம் கைகடந்துவிடும். இரத்தக் குழாயில் அடைத்துக்கொண்ட கட்டியைக் கரைக்கும் மருந்து முதற் சில மணி நேரத்துக்குள் உடலிற் சேர வேண்டும். தாமதிக்குந்தோறும் இதயத் தசை மடிந்துகொண்டே செல்லும். மருந்தைச் செலுத்தும் கைகள் மாவட்ட மருத்துவமனையிலேயே இருந்தன. செலுத்தலாமா, கூடாதா என்று துணிந்து கூறவல்ல இதய நிபுணரே அங்கில்லை. இதயத்தின் மின்னலை வரைபடம் பெங்களூர் சென்று, நிபுணர் அதனை நோக்கி, நோயாளியையும் உள்ளூர் மருத்துவரையும் திரையிற் கண்டு உசாவி விடைகூறுவதற்குச் சில நிமிடங்களே போதுமாயின.

இத்தகைய உரையாடல் திரையிற் பார்ப்போர்க்கு எளிதாகத் தோன்றும். அதன் பின்னே உழைப்போர் பலர். செயற்கைக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றது. பேச்சு அங்கே ஏறி இறங்குவதற்குள் கால் நொடி கழிந்துவிடுகின்றது. விடை திரும்புவதற்கு மேலும் கால் நொடி. அரை நொடிதானே என்று எண்ணலாகாது. வினவியவர், எதிரிலுள்ளவர் கேட்கவில்லை போலும் என்று மீண்டும் பேசத் தொடங்குவார். அதே கணத்தில் விடை வந்து சேரும். இருவர் பேச்சும் மோதிச் சிதறும். ஆதலின், ஒவ்வொருவரும் பேசி முடித்தவுடன் சற்றே பொறுத்திருக்க வேண்டும் என்பதைப் பேச வருவோர்க்கு முன்கூட்டியே பழக்குவது பொறுப்பாளரின் முதற் கடமை.

ஒலியைப் பிரித்தனுப்புவது அதனினும் நுட்பமான வேலை. மூன்று ஊர்கள் கூடிய அவையில் எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலந்து எல்லோர்க்கும் அனுப்பினால், பேசுகின்றவர் தம் குரலையே அரை நொடி கழித்துக் கேட்பார். தம் குரல் இவ்வாறு பின்தொடர்ந்தால் நாவன்மை மிக்கவரும் தடுமாறிப் போவர். எனவே ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூரின் ஒலியை நீக்கி, ஏனைய ஊர்களின் ஒலியை மட்டும் கலந்து அனுப்புவர். ஊர் மூன்றாயின் கலவையும் மூன்று, பத்தாயின் பத்து. ஒரு கலவை இடம் மாறிப் போயினும் அவை முழுதும் எதிரொலியில் ஆழ்ந்துவிடும். இதனைத் தடுப்பதற்காகவே பொறியாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனித் தொலைபேசி வழி ஒன்றை வைத்துக்கொள்கின்றனர். அவை தொடங்குமுன் மையத்தில் உள்ளவர் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் சொல்லி அழைப்பார். ஒவ்வோர் ஊரும் படமும் ஒலியும் வந்தனவா என்று விடையிறுக்கும். அழைக்கப்படாத ஊர் வாய் திறத்தலாகாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போன்ற எளிய முறை இது. ஆயினும் விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு ஈடாகாது என்பது நம் கருத்து.

பள்ளிக்கூடம் என்றவுடன் இரண்டாவது முயற்சி நினைவுக்கு வருகின்றது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கல்விக்கென்றே அமைந்த எடுசாட் என்னும் செயற்கைக் கோள் ஏவப்பட்டது. கல்லூரி அளவில், கர்நாடகத்தின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இன்சாட்-3பி வழியாக முன்னோடிச் சோதனையில் ஈடுபட்டிருந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கான முன்னோடி மாவட்டமாகத் தேர்ந்தெடுக்கப் பெற்றது சாமராஜநகர். 885 அரசாங்கப் பள்ளிகள் அத்திட்டத்தில் சேர்ந்தன.

மூன்று மருத்துவமனைகளை இணைப்பது வேறு, 885 பள்ளிகளை இணைப்பது வேறு. அத்தனை இடங்களுக்கும் பொறியாளரை அனுப்ப எந்த அரசாங்கத்தாலும் இயலாது. அலைவாங்கித் தட்டு எடுசாட்டை நோக்கி, உச்சி வானத்துக்கு அருகே, தெற்கிலிருந்து சற்றே மேற்குச் சாய்ந்த திசையை நாடி நிற்க வேண்டும். ஓரிரு பாகை பிசகினாலும் படம் மறைந்துவிடும். காற்று அடித்தாலும், பந்து பட்டாலும், குரங்கு ஏறி அமர்ந்தாலும் பிசகக்கூடிய ஒன்றைக் காக்கும் பொறுப்பு ஆசிரியர்மீதே விழுகின்றது. மின்சாரம் நின்றால் அன்றைய பாடமும் நின்றது. நேரடிப் பாடம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, வாங்க மட்டுமே வல்ல கருவியின் முன் அமர்ந்த சிறுவன் ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பான்? திரையில் உள்ளவரைக் கேட்க இயலாது. வகுப்பில் நிற்கும் ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும். ஆசிரியரின் இடத்தைக் கருவி பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சியோரும் உண்டு, மகிழ்ந்தோரும் உண்டு. இருசாராரும் அச்சிறுவனை எண்ணிப் பார்க்கவில்லை.

இயற்கையும் தன் பங்குக்கு இடையூறு செய்தது. எடுசாட் பயன்படுத்திய உயர் அலைவரிசை, பெருமழையில் வலுக்குன்றும். மார்ச்சு நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், நண்பகலுக்குச் சற்றுப் பின், கதிரவன் செயற்கைக் கோளுக்கு நேர் பின்னே வந்து நிற்பான். அப்போது அவனிடமிருந்து எழும் இரைச்சலில் கோளின் மெல்லிய அலை சில நிமிடங்கள் அமிழ்ந்துவிடும். நாளும் நிமிடமும் முன்கூட்டியே கணித்தறியத் தக்கவை. ஆதலின் பஞ்சாங்கம் பார்த்து இராகு காலத்தைத் தவிர்ப்பதுபோல் பொறியாளர்கள் அவ்வேளையைத் தவிர்ப்பர்.

எடுசாட் 2010-இல் ஓய்வு பெற்றது. இன்று இத்தகைய அவைகள் பெரும்பாலும் கண்ணாடியிழை வழியாகவும் கைப்பேசி வழியாகவும் கூடுகின்றன. தில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம்மவர் ஊரிலுள்ள பாட்டியை நாள்தோறும் திரையிற் காண்கின்றனர். அங்கும் ஒருவர் பேச்சு மற்றொருவர் பேச்சோடு மோதத்தான் செய்கின்றது. இ-சஞ்சீவனி என்னும் பெயரால் தொலைமருத்துவம் நாடெங்கும் பரவியுள்ளது. எல்லைப்புற மாவட்டங்களில், தமிழில் வலியைச் சொல்லும் நோயாளிக்கும் கன்னடத்தில் வினவும் மருத்துவருக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க, பெரும்பாலும் செவிலியர் ஒருவரே வேண்டியிருக்கின்றது.

தொலைமருத்துவத்துக்கு வழிகாட்டிய அதே சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில், கொள்ளைநோய்க் காலத்தில், 2021 மே 2-ஆம் நாள் இரவும் மறுநாளும், உயிர்வளிப் பற்றாக்குறைக்கிடையே 24 நோயாளிகள் இறந்தனர். அவ்விரவு அவ்வூர் எதிர்பார்த்திருந்தது 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூரிலிருந்து சாலைவழியே வரவேண்டிய உருளைகளை.