மேற்கே ஒரு மாஞ்சோலை

2020 ஆகஸ்டில் எங்கள் கதிர்காமத்தில் ராத்திரி பகல் இல்லாமல் ஆம்புலன்ஸ் சத்தம். இங்கே இருக்கும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியைக் கொரோனா மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அப்பா அங்கேதான் படுத்திருந்தார். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் போய்ப் பார்க்க முடியாது. போனில் ஒரு இளையராஜா பாட்டைப் போட்டால்கூட ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருக்கும். பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

ஆயா மட்டும் நிறுத்தவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, சின்ன வயசில் வில்லியனூர்ப் பக்கம் நடவு நட்டபோது பாடிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்கு ஆயா பாட்டு?" என்று எரிந்து விழுந்தேன்.

"வாய் சும்மா இருந்தா மனசு சும்மா இருக்காதுடா" என்றார்.

உள்ளே படுத்திருப்பது அவர் பெற்ற பிள்ளை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்த நாட்களில் பாரதியின் புதுச்சேரி வாழ்க்கையைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். 1908இல் கைதுக்குத் தப்பி இங்கே வந்தவர். பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. ஆனால் ஒற்றர்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை 1910இல் நின்றுபோனது. 1914இல் உலகப்போர் வந்தபோது பிரான்ஸும் பிரிட்டனும் ஒரே அணி. இங்கே இன்னும் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்பதே நிச்சயமில்லை. கையில் காசும் இல்லை.

பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூன்றும் இந்தப் பத்து வருஷத்தில் பிறந்தவை. பல பாடல்களுக்கு ராகமும் தாளமும் அவரே குறித்திருக்கிறார். நிலா வெளிச்சத்தில் கடற்கரையில் புதுப் பாட்டை அவர் உரக்கப் பாடுவாராம். உடன் இருந்து கேட்ட வ.வே.சு. ஐயர், கண்ணன் பாட்டின் முன்னுரையில் அதை நினைவுகூர்கிறார். ஐயரும் தேடப்பட்டவர்தான். இரண்டு பேருக்கும் ஊர் திரும்ப வழியில்லை. ஆனாலும் ஒருவர் பாடியிருக்கிறார், ஒருவர் கேட்டிருக்கிறார்.

1916 நவம்பரில் புதுச்சேரியைப் பெரும் புயல் அடித்தது. தோப்பு தோப்பாக மரங்கள் சாய்ந்தன. பாரதி அந்த ராத்திரியைப் பற்றியும் பாட்டு எழுதினார், 'பிழைத்த தென்னந்தோப்பு' என்று இன்னொன்றும் எழுதினார். விழுந்தது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். இருந்தும் அந்தத் தலைப்பில் அவர் வைத்தது மிச்சம் நின்றதை.

என்னை உட்கார வைத்தது குயில் பாட்டு. அதில் வரும் மாஞ்சோலை நகருக்கு மேற்கே சற்றுத் தொலைவில் இருக்கிறது. முத்தியால்பேட்டைத் தோப்பைத்தான் குயில்தோப்பு என்பார்கள். கதிர்காமமும் மேற்கேதான், ஆனால் நாங்கள் பங்குக்கு வரவில்லை! அந்தக் குயில் தனக்குப் பிடித்த இசைகளைச் சொல்லும்போது சபா கச்சேரியிலிருந்து தொடங்குவதில்லை. ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குரல், சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு, வயலில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, கும்மி என்று அடுக்கிவிட்டுத்தான் குழலுக்கும் வீணைக்கும் வருகிறது.

இவர்கள் யாரும் கஷ்டம் தீர்ந்த பிறகு பாடியவர்கள் இல்லை. வேலை முதுகை ஒடிக்கும்போதே பாடியவர்கள். ஊரை விட்டு ஓடிவந்த ஒருவருக்கு அந்தப் பாட்டுகள் காதில் விழுந்திருக்கின்றன. சொந்த வீட்டில் இருந்த எனக்கு விழவில்லை. நிம்மதி என்பது எல்லாம் சரியான பிறகு கிடைக்கிற பரிசு, அதுவரை பாட்டுக்கு இடமில்லை என்று நினைத்திருந்தேன். ஆயாவுக்கு அது கைவேலையோடு சேர்ந்தே நடக்கிற விஷயம். கவலை போகவில்லை. ஆனால் அரிசி சுத்தமாகிவிட்டது, ராத்திரிச் சோறும் ஆகிவிட்டது.

1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூரில் கைது செய்தார்கள். இத்தனை பாட்டும் அவரை அதிலிருந்து காப்பாற்றவில்லை. காப்பாற்றுவது பாட்டின் வேலையும் இல்லை. பத்து வருஷத்தை வெறும் காத்திருப்பாக ஆகவிடாமல் பார்த்துக்கொண்டது.

அப்பா பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. வாசலில் உட்கார்ந்து, "அம்மா என்ன பாடிக்கிட்டு இருந்தாங்க?" என்று என்னைக் கேட்டார்.

பதினோரு நாள் கேட்டிருந்தும் எனக்கு ஒரு வரி தெரியவில்லை. உள்ளே போய், "ஆயா, முதல்லேர்ந்து பாடு" என்றேன்.