முருங்கை ‘மொரிங்கா’ ஆன கதை



காஞ்சிபுரம் கடைகளில் இப்போது ‘மொரிங்கா பவுடர், ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று பாக்கெட் விற்கிறார்கள். நம் திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதர் கோயில் குராமரத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வேலிக்கு மேல் நிற்கும் முருங்கையை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பாக்கெட்டில் இருப்பது நம் முருங்கையின் பெயர்தான். அது போய்வந்த வழி சுவாரசியமானது.

கொச்சியில் டச்சுக் கம்பெனியின் கமாண்டராக இருந்தவர் வான் ரீட். மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படம் வரைந்து எழுதவைத்தார். உள்ளூர் வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றவர்கள் விவரம் சொன்னார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்த அந்த நூலில் முருங்கை உள்ளூர்ப் பெயரோடேயே ஏறிவிட்டது. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் வேறொரு இனத்தில் சேர்த்தாலும் ‘மொரிங்கா’ என்ற சொல்லை விடவில்லை. 1785இல் பிரெஞ்சுக்காரர் லமார்க் இன்றுள்ள ‘மொரிங்கா ஒலீஃபெரா’ என்ற பெயரை வைத்தார். ‘ஒலீஃபெரா’ என்றால் எண்ணெய் தருவது. முருங்கை விதை எண்ணெயை வாசனைத் தைலக்காரர்களும் கடிகாரம் செய்பவர்களும் அங்கே பயன்படுத்தினார்கள். கீரையை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். லமார்க் என்றால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்ட கதைதான் எங்களுக்குத் தெரியும். முருங்கைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான் என்பது பென்ஷன் வாங்கிய பிறகுதான் தெரிந்தது!

கீரையின் அருமை தெரிந்தவர்கள் நம் கூலி ஜனங்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கப்பலேறி ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். அங்கே கீரைக்கு ‘ப்ரெத்’ என்று பெயர். முருங்கைக்கீரை ‘ப்ரெத் முருங்’. மொரீஷியஸில் ‘ப்ரெத் முரும்’. தமிழ் பேச மறந்த குடும்பங்களும் அந்த ஒரு சொல்லைச் சாப்பாட்டோடு வைத்திருக்கின்றன.

பாக்கெட் பெருமை பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1990களின் கடைசியில் செனகலில் சத்துக்குறைவான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முருங்கை இலைப்பொடி கொடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்துதான் ‘ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி’ என்ற வாசகம் உலகமெல்லாம் பரவியது.

ஆபீசில் கணக்கு சரிபார்த்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் பச்சை இலையில் வைட்டமின் சி 220 மில்லிகிராம், ஆரஞ்சில் 30. ஏழு மடங்கு சரிதான். ஆனால் பச்சை இலையை யார் தின்கிறார்கள்? வேகவைத்தாலும் காயவைத்தாலும் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். பொடியில் ஒரு ஸ்பூன் என்பது ஐந்தாறு கிராம். அந்தப் பெருமை பாக்கெட்டுக்குப் பொருந்தாது.

ஆன்டிஆக்சிடன்ட் என்பதும் பெரிய ரகசியம் இல்லை. வாழைப்பூவை நறுக்கி வைத்தால் கறுக்கிறது. அது காற்றின் ஆக்சிஜன் வேலை. மோரில் போட்டால் கறுக்காது. உடம்புக்குள் நடக்கும் அதுபோன்ற கெடுதலைத் தடுக்கும் குவெர்செடின், குளோரோஜெனிக் அமிலம் முதலியவை முருங்கை இலையில் நிறைய உண்டு. சோதனைக் குழாயில் நன்றாகவே வேலை செய்கின்றன. மனிதர்களிடம் நடந்த சோதனைகளோ சிறியவை. சர்க்கரை கொஞ்சம் குறைந்ததாகச் சிலவற்றில் தெரிகிறது, அவ்வளவுதான். அதை நம்பி எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் மாத்திரையை நிறுத்தினார். கால் புண் ஆறாமல் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பொடி விற்றவர் வந்து பார்க்கவில்லை.

சந்தேகமில்லாத குணம் வேறு. அதே அட்டவணையில் 100 கிராம் இலைக்கு சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம், புரதம் 6.7 கிராம். வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினும் ஏராளம். மாலைக்கண் நோயால் பார்வை போன குழந்தைகள் இருந்த நாடு இது. 1970இல்தான் அரசாங்கம் வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போதும் கொல்லையில் இந்த மரம் நின்றுகொண்டுதான் இருந்தது. காயைச் சாம்பாருக்குப் பறித்துவிட்டு இலையை ஆட்டுக்குப் போட்டோம்.

கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். முருங்கைக்கீரையை நெய் காய்ச்சும்போது போடுவதும், பொரியலில் தேங்காய் தூவுவதும் அந்த வகையில் சரியான சமையல். பொடி வேண்டுமென்றால் வீட்டிலேயே நிழலில் உலர்த்தி இடிக்கலாம். வெயிலில் போட்டால் கரோட்டின் பெருமளவு கெடும். பெரியகுளத்தில் உருவாக்கி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 விதை முருங்கை ஆறேழு மாதத்தில் காய்க்கிறது. இடம் இல்லாதவர்கள் மூலையில் ஒன்று வைத்து அடிக்கடி கிள்ளிவிட்டால் கீரைக்குக் கடைக்குப் போக வேண்டாம். கம்பளிப்பூச்சிக்கு மட்டும் கார்த்திகையில் கொஞ்சம் ஜாக்கிரதை.