பிழை பிறந்த இடம்

காசொன்றில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் அரும்பொருள் கிட்டியதாக நாம் மகிழ்கிறோம். அப்பிழை எங்கே பிறந்தது என்று கேட்பதில்லை.

1955-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட லிங்கன் ஒரு சென்ட் காசை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் தாய் அச்சை எஃகின்மேல் ஒருமுறைக்கு மேல் அழுத்தியே நாணய அச்சுகளைச் செய்தனர். இடையே எஃகைக் காய்ச்சி இளக்கினர். மறுமுறை அழுத்துகையில் ஓர் அச்சு சற்றே திரும்பிவிட்டது. அந்த அச்சு அடித்த காசுகள் அனைத்திலும் ஆண்டும் வாசகமும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரிகின்றன. பிழை தெரியவந்தபோது அவற்றுள் 20,000-க்கும் மேற்பட்டவை நல்ல காசுகளோடு கலந்திருந்தன. பிரித்தெடுக்காமலே புழக்கத்தில் விட்டனர்.

எந்திர இரட்டிப்பு வேறு. அங்கே அச்சில் குறையில்லை. தளர்ந்திருக்கும் அச்சு, அடித்த கணத்தில் அசைந்து, அப்போதுதான் எழுந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. உருப்பெருக்கியின் கீழ் அந்த ஓரம் தட்டையான படிபோல் தெரியும், எழுத்தும் மெலிந்திருக்கும். மெய்யான இரட்டை அச்சிலோ எழுத்து பருத்திருக்கும். இரண்டாம் உருவும் திரண்டு நிற்கும். எழுத்தின் முனைகள் பிளந்திருக்கும்.

நூல் அச்சிடுவோர் இதனை அறிவர். அச்சுக்கோப்பில் நேர்ந்த பிழை பிரதிதோறும் மாறாமல் வரும். தாள் நழுவி நேர்ந்த பிழையோ தாளுக்குத் தாள் வேறுபடும். முன்னதைக் கொண்டு ஒரு பதிப்பையே நாம் அடையாளம் காணலாம். பின்னது எதற்கும் சான்றாகாது.

1955-இன் அந்தக் காசு இன்று ஆயிரம் டாலருக்கு மேலும் விலைபோகிறது. எந்திர இரட்டிப்பு விழுந்த சென்ட்டின் மதிப்பு ஒரு சென்ட்தான்.